பானை வண்டியின் இரண்டாம் கியர்

எங்கள் ஆட்களைப் பார்த்து "வண்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. உன் வண்டி எப்போது மண்டையைப் போடும், நான் எப்போது ஸ்பேனரோடு வரலாம் என்று கேட்பதற்குச் சமம் அது. அதனால் பானை வண்டிக்காரர்கள் வழியில் சந்தித்துக்கொண்டால் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழை வருமா என்று சுற்றி வளைத்துப் பேசுவோம். கண் மட்டும் எதிராளியின் பம்பரிலேயே இருக்கும்.

பானை என்பது கம்பெனி வைத்த பெயர் இல்லை. கம்பெனி ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. கவிழ்த்து வைத்த பானை மாதிரி உருண்டையாக இருந்ததால் ஊர் வைத்த பெயர் இது. ஒரு காலத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் நாலு பானையாவது போகும். டாக்சி என்றாலே பானைதான். பிறகு கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியது. பிறகு கம்பெனியையே இழுத்து மூடினார்கள். உதிரிபாகம் செய்தவர்களும் கடையைக் கட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு பானைக்கு ஏதாவது வேண்டுமென்றால் இன்னொரு பானை சாக வேண்டும் என்று ஆகிப்போனது.

சாவு என்றுதான் நாங்களும் சொல்வோம். யாராவது ஒருவர் போதும்டா சாமி என்று கையை விரித்தால், மெக்கானிக் எல்லோருக்கும் போன் போடுவார். அவருடைய ஷெட்டில் கூடுவோம். வண்டிக்குச் சொந்தக்காரர் முதல் நட்டைத் தன் கையால் கழற்ற வேண்டும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. கழற்றிய பிறகு அவர் அங்கே நிற்கவும் கூடாது. யாராவது தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிப் போய்விடுவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் வெறும் கூடுதான் நிற்கும். பங்கு பிரிப்பதில் சட்டம் ஒன்றே ஒன்று: ஓடுகிற வண்டிக்குத்தான் பாகம். எடுத்துப் போய் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் சரி, ஓடுகிற வண்டி ஒன்று கேட்டு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்படியே பிரித்துப் பிரித்துத் தின்று, ஷெட் நிறையக் கூடிய கூட்டம் கடைசியில் ஒரு பெஞ்சில் அடங்கியது. அதுவும் குறைந்து இப்போது மிச்சம் இரண்டு வண்டி. ஓடுவது ஒன்று, என்னுடையது. நிற்பது ஒன்று, பல் டாக்டருடையது. பல் டாக்டர் கண் மங்கிப்போய் வண்டி எடுப்பதை விட்டுவிட்டார். ஆனால் முதல் நட்டைக் கழற்ற மட்டும் மனசு வரவில்லை. உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இந்தக் கூட்டத்தில் நான் ஆசைப்பட்டுச் சேரவில்லை. எனக்கு வண்டிப் பைத்தியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு இந்த வண்டி தேவை. காரணம், என் வீட்டுக்காரருடைய கால்.

வேலை செய்த இடத்தில் இரும்புச் சட்டம் சரிந்து அவருடைய முட்டி நொறுங்கியது. தகடு வைத்தார்கள், ஆணி அடித்தார்கள், கடைசியில் மடங்காதபடியே சேர்த்துவிட்டார்கள். கம்பை ஊன்றி நடப்பார், நிற்பார். கால் மட்டும் மடங்காது. மடங்காத காலோடு இந்தக் காலத்துக் கார்களில் ஏறிப் பாருங்கள், தெரியும் சேதி. மருமகன் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்து, "ஏறுங்க மாமா, உள்ள ஹாலு மாதிரி இருக்கும்" என்றான். ஹாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சீட் பள்ளத்தில் இருந்தது, கூரை தலையில் இடித்தது. இவரைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக்கொண்டு நாங்கள் இழுத்த இழுப்பில், இவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மகள் அழுதாள். மருமகன் காரின் மேல் கோபப்பட்டான், பாவம்.

பானையில் அந்த வம்பே இல்லை. முன்சீட் ஒரே நீள பெஞ்சு. கதவு சுவரைத் தொடுகிற அளவுக்கு அகலத் திறக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து, கம்பை உள்ளே போட்டு, அப்படியே உடம்பைத் திருப்பினால் காலை நீட்டிக்கொள்ள இடம் தாராளம். ஆம்புலன்ஸ் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டோம். ஏறிப் படுக்கச் சொன்னார்கள். "படுத்துக்கிட்டு போறது ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு இவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இந்த வண்டியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இண்டிகேட்டர் சுவிட்ச் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்காது. டேஷ்போர்டின் நட்டநடுவில் ஒரு சின்னக் குமிழாக இருக்கும். நான் வண்டி பழகிய புதிதில் அதை மறந்து மறந்து, பின்னால் வருகிறவனிடமெல்லாம் ஏச்சு வாங்கினேன். "நீ ஸ்டீயரிங்கைப் பாரு, இதை நான் பாத்துக்கறேன்" என்று இவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அன்றிலிருந்து திருப்புவது நான், விளக்குப் போடுவது இவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சண்டையில் போகிற நாளில்கூட அந்தக் கை தவறாமல் நீளும்.

காலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சிறுநீரகமும் கைவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ். காலையில் இவரை இயந்திரத்தோடு பூட்டினால் மதியத்துக்கு மேல்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை நான் வெளியே பெஞ்சில். வீட்டுக்கு வந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார். மறுநாள் கொஞ்சம் தலை தூக்குவார், ஏதாவது கேலி பேசுவார், சரி மனுஷன் திரும்பி வந்துட்டார் என்று நான் நிமிர்வதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். திரும்பவும் பை, போர்வை, பிளாஸ்க், வண்டிச் சாவி. அலுப்பு என்றால் சொல்லி மாளாத அலுப்பு. ஆனாலும் அதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே வேண்டுதல்தான் இருந்தது: இந்த வண்டி இவரைவிட ஒருநாளாவது கூட இருக்க வேண்டும்.

போன மாதம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதயமும் ரொம்ப பலவீனமாயிடுச்சும்மா. இந்தச் சிகிச்சையை அவர் தாங்கறதே பெரிசு. தொடரணுமா வேணாமான்னு அவரையே ஒரு வார்த்தை கேளுங்க. வேணாம்னா, வலி தெரியாம பாத்துக்க எங்ககிட்ட வழி இருக்கு."

"அவரை என்ன கேக்கறது? வண்டி இருக்கு, நான் இருக்கேன். கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்த வாரங்களில்தான் பல் டாக்டர் சாயங்காலமானால் இவருக்குப் போன் போட ஆரம்பித்தார். நெடுநேரம் பேசுவார்கள். என்ன சொல்றார் என்று கேட்டால், "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டார்" என்பார் இவர். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்கள் வண்டியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் இந்த மனுஷன் போனால் இந்த வண்டி எனக்கெதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். உடம்பை விசாரிக்கிற சாக்கில் என்ன விசாரிக்கிறார் என்று புரியாதவளா நான்?

அப்போதுதான் அது நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மேட்டில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். கடகடவென்று ஒரு சத்தம், கல்லைக் கடித்த மாதிரி. அதோடு வண்டி இழுக்கவில்லை. இவர் கண்ணை மூடியபடியே, "நின்னுடுச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. அசதி என்று நினைத்துக்கொண்டேன். மெக்கானிக் வந்து இழுத்துப் போய் எங்களை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனார். இருட்டுவதற்குள் போன் வந்தது.

"ரெண்டாவது கியர் சக்கரத்துல பல்லு விழுந்துடுச்சுக்கா."

"ரெண்டாவதை விட்டுட்டு மத்ததுல ஓட்ட முடியாதா?"

"உடைஞ்ச துண்டு மத்ததையும் கடிச்சிருக்கு. நீங்க பாட்டுக்கு ஓட்டுனா மொத்தமும் போயிடும். சக்கரம் வேணும். அது ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, உங்களுக்கே தெரியும்."

தெரியும். கடைசியாகச் செத்த வண்டி ஒரு டாக்சிக்காரருடையது. அதில் கியர்பாக்ஸ் பங்கு பல் டாக்டருக்குத்தான் போனது. நான் அன்றைக்கு ரேடியேட்டர் கேட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவருடைய பழைய நாற்காலி இன்னும் இருக்கிறது, நோயாளியைச் சாய்த்து உட்கார வைக்கிற அந்த நாற்காலி. அதில் அவரே சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பல் செட்டுகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரியில் இப்போது பானையின் பாகங்கள், எண்ணெய் பூசி, துடைத்து, வரிசையாக. என் சக்கரம் நடுத்தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"வாங்கம்மா. வீட்டுல எப்படி இருக்கார்?"

"இருக்கார். ரெண்டாவது கியர் சக்கரம் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்லம்மா."

"என்ன இல்ல? அதோ தெரியுதே."

"இருக்கு. கொடுக்கறதுக்கில்ல."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஓடுற வண்டிக்குத்தான் பாகம்னு சட்டம் பேசினது யாரு? நீங்கதானே? உங்க வண்டி ஓடி எத்தனை காலமாச்சு? அதுக்கு உறை வேற ஒரு கேடு! நாளைக்கு அவருக்கு ஆஸ்பத்திரி. போகலேன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா? உடம்பு எப்படி, உடம்பு எப்படின்னு போன் போட்டு உருகினீங்களே, இப்பத்தான் புரியுது. மனுஷன் போனா வண்டி மிஞ்சும், அள்ளிக்கலாம்னு பாக்கறீங்க. பல்லு புடுங்குற புத்தி எங்க போகும்!"

அவர் துடைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு இன்னும் எரிந்தது. அவர் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை. கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா என்னைக் கேக்காதீங்க. வீட்டுல கேளுங்க."

"எதை?"

"வீட்டுல கேளுங்கம்மா."

வீட்டுக்கு வந்தபோது இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கால் மடங்காதே தவிர கை சும்மா இருக்காது. அவர் மடித்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

"உங்க சிநேகிதர் சக்கரத்தைக் கொடுக்க மாட்டாராம். உங்களைக் கேக்கணுமாம்" என்றேன்.

தலையணை உறை ஒன்றை மடித்து முடித்து அடுக்கில் வைத்தார்.

"நான்தான் கொடுக்க வேணாம்னு சொன்னேன். நேத்து மெக்கானிக் உன்கிட்ட பேசினதும் அவருக்குப் போன் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"வண்டி தானா நின்னுடுச்சு இல்ல? அப்படியே நிக்கட்டுமே" என்றார். "எனக்குப் போதும்."

"என்ன போதும்?"

"எல்லாம்தான். அந்த ஊசி, அந்த மெஷினு, வந்து கிடக்கறது, திரும்பப் போறது. டாக்டரம்மா என்கிட்டயும் பேசினாங்க. உன்கிட்ட சொன்னதாவும் சொன்னாங்க. நீ வந்து கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கல."

அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"வேணாம்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி, கண்ணாடியைத் துடைச்சு, கதவை அகலத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்ப. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது? வண்டியே சொல்லிடட்டும்னு நெனச்சேன். வண்டி போச்சுன்னா உன் மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல."

"அதுக்கு என்னைப் பைத்தியக்காரியாட்டம் அலைய விடறதா?" என்று கத்தினேன். "ஒரு நல்ல மனுஷனை, பல்லு புடுங்குற புத்தின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

"அப்படியா சொன்ன?" என்றார். அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"இது சிரிக்கற விஷயமா?"

"இல்ல, இல்ல. பாவம், எனக்காக அவர் வாங்கிக் கட்டிக்கிட்டாரே."

"நாளைக்கு எப்படியாவது போறோம். அவ்வளவுதான் பேச்சு."

"சரி" என்றார்.

அந்தச் சரிதான் என்னைக் கொன்றது. எதிர்த்துப் பேசியிருக்கலாம். பிடிவாதக்காரர் என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அடுப்படிக்குப் போய் பாத்திரம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தேன். இத்தனை காலம் இந்த மனுஷனைத் தூக்கி, ஏற்றி, இறக்கி, பிடித்து வைத்துக்கொண்டிருந்தது இவருக்காகத்தானா என்று ஒரு கேள்வி வந்து எதிரே நின்றது. இவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உண்மை அவ்வளவுதான். அதற்குத்தான் வண்டி, அதற்குத்தான் ரேடியேட்டர், அதற்குத்தான் ஓடிய ஓட்டமெல்லாம்.

மத்தியானம் மெக்கானிக் போன் செய்தார்.

"அக்கா, பல் டாக்டர் வந்து சக்கரத்தைக் கொடுத்துட்டுப் போறார். துணியில சுத்தி எடுத்துக்கிட்டு நடந்தே வந்திருக்கார், பாதி வழியில யார் மேலயோ முட்டிக்கிட்டாராம்."

"ஏதாவது சொன்னாரா?"

"'சட்டம்னா சட்டம்தான், கொடுத்துட்டேன், இனிமே அவங்க ரெண்டு பேர் பாடு'ன்னார். என்னக்கா விஷயம்?"

"ஒண்ணுமில்ல. மாட்டிடுங்க" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. நான் வழக்கம்போல எழுந்து, தண்ணீர் ஊற்றி, துடைத்து, கதவைத் திறந்து வைத்தேன். அவர் வழக்கம்போலச் சட்டை மாட்டி, கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தார், கம்பை உள்ளே போட்டார், திரும்பினார், காலை நீட்டினார். பை, போர்வை, பிளாஸ்க் எல்லாம் பின்சீட்டில். ரொட்டிக்கடை தாண்டினோம், பள்ளிக்கூடம் தாண்டினோம்.

பெரிய சாலைச் சந்திப்பில் இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி. சந்திப்பு கண்ணில் படுவதற்கு முன்பே இவருடைய கை நீண்டு குமிழை இடது பக்கம் தட்டிவிடும். தூக்கக் கலக்கத்திலும் தட்டிவிடும். அன்றைக்கு சிவப்பு விழுந்து நான் வண்டியை நிறுத்திய பிறகும் கை மடியிலேயே இருந்தது. மறந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மறக்கவில்லை. குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்டு நிற்பார்களே, அப்படி ஒரு முகம். என்னைக் கட்டிக்கொண்ட மனுஷன், தன் உடம்பைப் பற்றி என்னிடம் அனுமதிக்குக் காத்திருக்கிறார்.

"போடுங்க" என்றேன்.

"எதை?"

"விளக்கைத்தான். நீங்க எந்தப் பக்கம் போடறீங்களோ, அந்தப் பக்கம் திருப்பறேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"சீக்கிரம் போடுங்க, பச்சை விழப்போகுது."

கை மெதுவாக நீண்டது. ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. குமிழைப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வலது பக்கம் திருப்பினார். டிக், டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான். நான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் வளைத்தேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல. அந்தப் பக்கம் போயே வருஷக்கணக்காச்சு."

வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, சாலை கலங்கலாகத் தெரிந்தது.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லணும்" என்றேன்.

"சொல்லலாம். மொதல்ல கண்ணைத் துடைச்சுட்டு ஓட்டு. எங்கயாவது இடிச்சு வெச்சேன்னா, பல் டாக்டர் ஸ்பேனரோட வந்து நிப்பார்."

அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திருப்பம் முடிந்திருந்தது. அவர் கையை நீட்டி விளக்கை அணைத்தார்.